சின்னத் தொட்டியிலிருந்து நாலடித் தொட்டிக்கு: கடல்நீர்த் தொட்டி கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. சிறிய ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) நன்றாக ஓடுகிறது, பெரியதுக்கு மாற ஆசை, எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் கேள்வி. தளம், தண்ணீர், குழாய், மின்சாரம் ஆகியவற்றை முதலில் முடியுங்கள். மீனையும் பவளத்தையும் கடைசியில் கையில் எடுங்கள். இந்த வரிசை மாறினால்தான் உயிர்கள் சாகின்றன.

வேளச்சேரி வாசகர்: 2 × 1½ × 1½ அடித் தொட்டியில் ஒரு ஜோடி கிளவுன் மீன், ஜோவாந்திட், மஷ்ரூம், லெதர் ஆகிய பவள வகைகள் வைத்திருக்கிறேன். 4 × 2 × 2 அடித் தொட்டிக்கு மாற வேண்டும். அபார்ட்மென்டில் இரண்டாவது மாடி. தளம் தாங்குமா?

முதலில் எடையைக் கூட்டிப் பார்த்துவிடுவோம். 4 × 2 × 2 என்பது 453 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் என்பதால் தண்ணீர் மட்டும் 465 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி சுமார் 90 கிலோ. பாறையும் மணலும் 70 கிலோ, ஸ்டாண்டு 60 முதல் 70 கிலோ, கீழே வைக்கும் சம்ப் (மேல்தொட்டி நீர் இறங்கி, பம்ப் வழியாகத் திரும்ப மேலே போகும் துணைத் தொட்டி) தன் தண்ணீரோடு நூறைத் தாண்டும். மொத்தம் 780 முதல் 800 கிலோ, அதுவும் 8 சதுர அடி இடத்தில்.

வீட்டுத் தளங்களை வடிவமைக்க நம் நாட்டுத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, பகுதி 2 சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன். அதாவது சதுர அடிக்கு ஏறத்தாழ 19 கிலோ. உங்கள் தொட்டி சதுர அடிக்கு 100 கிலோ வைக்கும். இதைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். அந்த 19 கிலோ தளம் முழுவதும் பரவிய சுமைக்கான கணக்கு. ஓரிடத்தில் அதிகமாகவும் மற்ற இடங்களில் காலியாகவும் இருப்பது வேறு கணக்கு. அதற்காகக் கண்ட இடத்திலும் வைத்துவிட முடியாது. ஹாலின் நடுவில் கூடாது. பால்கனி போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் கூடவே கூடாது. கீழே பீம் ஓடும் சுவரை ஒட்டி, தொட்டியின் நீளவாக்கு பீமின் மேலேயே வரும்படி வைப்பதுதான் வழக்கம். பீம் எங்கே ஓடுகிறது என்பதைக் கட்டுநரிடம் வரைபடம் வாங்கி, ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் உங்கள் ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) விலையை விடக் குறைவாகத்தான் இருக்கும். கீழ்வீட்டுக் கூரையில் சிமென்ட் பெயர்ந்து கம்பி துருப்பிடித்திருந்தால் இந்த அளவுத் தொட்டியை அங்கே வைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

ஸ்டாண்டுக்குப் பவுடர் கோட்டிங் செய்த இரும்புச் சதுரக் குழாய் நல்லது. மரம்தான் வேண்டுமென்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட். பார்ட்டிகிள் போர்டில் உப்புநீர் ஒருமுறை இறங்கினால் ஊதிவிடும். ஒட்டுவதற்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிகான் வேண்டாம். அந்த மருந்து தண்ணீரில் கசியும். ஒட்டி ஒரு வாரம் காயவிட்டு, சாதாரணத் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் வைத்துப் பாருங்கள். நிரப்பிய பிறகு நான்கு மூலையிலும் நீர்மட்டத்தை அளவுகோலால் அளந்து, ஒரு பக்கம் 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் தண்ணீரை வடித்துவிட்டு ஸ்டாண்டின் காலைச் சரிசெய்யுங்கள். நிரம்பிய தொட்டிக்கு அடியில் ஆப்பு வைத்துத் தூக்கினால் கண்ணாடி விரிசல் விடும்.

அம்பத்தூர் வாசகர்: சமையலறை ஆர்.ஓ. தண்ணீரிலேயே உப்பு கலக்கலாமா?

பெரும்பாலும் முடியாது. வீட்டு ஆர்.ஓ.க்களில் சுவைக்காக டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) கண்ட்ரோலர் என்று ஒன்று இருக்கும். அது வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திருப்பிக் கலந்துவிடும். மினரல் கார்ட்ரிட்ஜ் வேறு. இப்போது செம்பு சேர்க்கும் மாடல்களும் வருகின்றன. இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் செம்பு விஷம். மெம்பிரேனிலிருந்து நேராக வரும் தண்ணீரை எடுத்து, அதற்குப் பின் மிச்ச உப்பையும் பிடிக்கும் ஒரு டி.ஐ. ரெசின் குடுவை சேர்த்து, டி.டி.எஸ். மீட்டரில் 0 வருகிறதா என்று பாருங்கள். 2, 3 என்று ஏறத் தொடங்கும்போதே ரெசினை மாற்றிவிடுங்கள்.

பெரிய தொட்டியின் முதல் நிரப்பலுக்குச் சம்ப்போடு சேர்த்து ஏறத்தாழ 480 லிட்டர் தேவை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று, நான்கு லிட்டர் கழிவாக வெளியேறும் என்பதால் 1,500 லிட்டருக்கு மேல் வீணாகும். அதை டிரம்மில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் இதைச் சாக்கடையில் விடுவது நியாயமில்லை.

கோவை வாசகர்: பழைய தொட்டி இருக்கும் அதே இடத்தில்தான் புதியதை வைக்க முடியும். ஒரே நாளில் மாற்றுவது சரியா? எந்த வரிசையில் செய்வது?

இடம் இருந்தால் இரண்டையும் ஒன்றிரண்டு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவதுதான் நல்லது. உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஒரே நாள் மாற்றமும் செய்யலாம். ஆனால் அந்த நாளுக்கான வேலை ஆறு வாரம் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தண்ணீரில் மிதப்பது குறைவு. அவை பாறையின் துளைகளிலும் மணலின் மேற்பரப்பிலும் ஒட்டியே வாழ்கின்றன. பழைய தண்ணீரை முழுவதும் சுமந்துபோவதில் பெரிய பலன் இல்லை. பழைய பாறையை ஈரம் காயாமல் கொண்டுபோவதில்தான் எல்லாம் இருக்கிறது. கூடுதலாக வைக்கப்போகும் புதுப் பாறையை 200 லிட்டர் உணவுத்தர பிளாஸ்டிக் டிரம்மில் உப்புநீரோடு போட்டு, ஒரு வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்ப்) ஓடவிட்டு, பாட்டில் பாக்டீரியாவும் அம்மோனியம் குளோரைடும் சேர்த்து அம்மோனியாவை 2 பி.பி.எம். அளவுக்குக் கொண்டுவாருங்கள். அது குறையக் குறைய மறுபடி 2-க்கு ஏற்றுங்கள். அப்படி ஏற்றிய 2 பி.பி.எம். 24 மணி நேரத்துக்குள் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமானால் பாறை தயார். டிரம்மை மூடி இருட்டிலேயே வையுங்கள், பாசி வராது.

அடுத்தது உப்புநீர். லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் உப்பு என்று வைத்தால் மொத்தம் 18 கிலோ வரை ஆகும். இரண்டு மூன்று டிரம்களில் முந்தைய நாளே கலந்து, இரவு முழுவதும் பம்ப் ஓட வேண்டும். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரைக் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யம் வைத்தால் போதாது, 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுகோல் கரைசலில் ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். பழைய தொட்டியில் உப்படர்த்தி 1.024 ஆக இருந்தால், மாற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஆவியாகும் நீருக்குப் பதில் உப்புநீர் ஊற்றி மெதுவாக 1.026-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். மாற்றும் நாளில் உப்பளவு, வெப்பம், டி.கே.எச். (தண்ணீரின் காரத்தன்மை அளவு) மூன்றும் இரண்டு பக்கமும் ஒத்திருந்தால் பாதி ஆபத்து போய்விடும்.

மாற்றும் நாள் காலையில் உணவு போடாதீர்கள். மணலைக் கலக்காமல் மேலிருந்து தெளிந்த தண்ணீராக 60, 70 லிட்டர் உறிஞ்சி எடுத்து மூன்று நான்கு டப்பாக்களில் ஊற்றுங்கள். முதலில் பவளங்கள், பிறகு பாறைகள், கடைசியாக மீன்கள். பாறை முழுவதும் வெளியே வந்து, தண்ணீர் அரையடிக்கு இறங்கிய பிறகு வலையில் மீன் சுலபமாகச் சிக்கும். பாறை இருக்கும்போது துரத்தினால் மீன் களைத்துவிடும், மணலும் கலங்கும். ஒவ்வொரு பாறையையும் பழைய தண்ணீர் உள்ள வாளியில் நாலைந்து முறை முக்கி அலசுங்கள். வாளியில் பழுப்பாகச் சேறு கொட்டும். அது புதுத் தொட்டிக்குள் போகக்கூடாத சேறு. பாறை டப்பாவில் வேவ்மேக்கரும், மீன் டப்பாவில் ஏர் பம்ப்பும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மீன் டப்பாவுக்கு மூடி அவசியம்.

ஜோவாந்திட், பாலிதோவா வகைகளைத் தொடும் நேரம் இது. அவற்றில் சில பாலிடாக்சின் என்ற கடும் நச்சைக் கொண்டவை. முழங்கை வரை கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேறொருவரைச் செய்யச் சொல்லுங்கள். வேண்டாத பாலிதோவாவைப் பாறையோடு வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைக்கும் வேலையை யாரும் செய்யாதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்து வீட்டில் எல்லோரும் மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

புதுத் தொட்டியை வைத்த பிறகு முதலில் பாறை அடித்தளக் கண்ணாடியில் நேராக அமரட்டும், மணல் அதற்குப் பிறகு. மணலின் மேல் பாறையை வைத்தால், கோபி மீனும் பிஸ்டல் இறாலும் அடியில் தோண்டி ஒருநாள் பாறை சரியும். தண்ணீரை ஒரு தட்டின் மேல் மெதுவாக ஊற்றினால் மணல் எழும்பாது. கலங்கல் ஓரளவு அடங்கியதும் பவளம், பிறகு மீன்.

முதல் பத்து நாள் தினமும் அம்மோனியா பாருங்கள். 0.25 தெரிந்தால் 30 சதவீதத் தண்ணீரை மாற்றி, உணவைப் பாதியாகக் குறையுங்கள். அதற்காக 150 லிட்டர் உப்புநீர் கலந்து தயாராக இருக்கட்டும். தேவைப்படும் இரவில் உட்கார்ந்து ஆர்.ஓ. பிடிக்க முடியாது. இந்த மாதம் புது மீன் எதுவும் வேண்டாம்.

மதுரை வாசகர்: பழைய மணலை அப்படியே புதுத் தொட்டியில் போட்டால் பாக்டீரியா கூடுதலாகக் கிடைக்காதா?

ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த மணலின் அடியில் கழிவு சேர்ந்திருக்கும். ஆழமான மணலில் காற்றுப் போகாத இடங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வருவது அதனால்தான். அள்ளிப் போட்டதும் இரண்டும் மொத்தமாகத் தண்ணீரில் கலக்கும். ஒரே நாள் மாற்றத்தில் மீன் சாவதற்கு அடிக்கடி காரணமாவது இதுதான். புது அரகோனைட் (சுண்ணாம்பு வகை) மணல் வாங்குங்கள், ஓர் அங்குல உயரம் போதும், சுமார் 30 கிலோ. பழைய மணலின் மேல் அரை அங்குலத்திலிருந்து இரண்டு கைப்பிடி எடுத்து விதையாகத் தூவினால் போதும்.

சேலம் வாசகர்: சம்ப் வைக்கப் பயமாக இருக்கிறது. கரண்ட் போனால் மேலே உள்ள தண்ணீர் முழுவதும் கீழே வந்து வீடு நிரம்பும் என்கிறார்கள். உண்மையா?

தவறாக அமைத்தால் உண்மை. கணக்குப் போட்டு அமைத்தால் ஒரு சொட்டும் வெளியே வராது.

4 × 2 அடித் தொட்டியின் மேற்பரப்பு 0.74 சதுர மீட்டர். நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 7.4 லிட்டர் கீழே வரும். பம்ப் நின்றதும், தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டிருந்த ரிட்டர்ன் குழாய் சைஃபனாக மாறி, தன் வாய் காற்றில் வெளிப்படும் வரை தொட்டி நீரைக் கீழே இழுக்கும். ரிட்டர்ன் வாய் மேல்மட்டத்திலிருந்து 3 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 22 லிட்டர். மேல்மட்ட நீர் வழிந்து கீழே இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் நிற்பது இன்னும் 8 லிட்டர். ஆக 30 லிட்டர். அதே வாயை அழகுக்காக 15 செ.மீ. கீழே இறக்கி வைத்தால் 111 லிட்டர், அதுதான் வீட்டை நிரப்பும்.

இனி சம்ப். 36 × 16 × 16 அங்குலச் சம்ப்பில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 3.7 லிட்டர் பிடிக்கும். ஓடும்போது 22 செ.மீ. மட்டத்தில் வைத்தால், விளிம்புக்கு இரண்டரை செ.மீ. கீழே வரை இன்னும் 59 லிட்டருக்கு இடம் இருக்கிறது. வரப்போவது 30. போதும். பம்ப்பை நிறுத்திப் பார்த்து, மட்டம் ஏறி நின்ற இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது இருக்க வேண்டிய உச்ச மட்டத்தில் இன்னொரு கோடு. தண்ணீர் மாற்றும்போது அந்த இரண்டாவது கோட்டைத் தாண்டி ஊற்றவே கூடாது.

ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 4 மில்லிமீட்டர் துளை போட்டால் அது காற்றை இழுத்து சைஃபனை முறிக்கும். நான்–ரிட்டர்ன் வால்வும் போடுவார்கள். இரண்டையும் நம்பி சம்ப் அளவைக் குறைக்காதீர்கள். துளையைப் பாசி அடைக்கும். வால்வின் மடலில் சுண்ணாம்புக் குழாய்ப்புழு வளர்ந்து அது மூடாமல் நிற்கும்.

இன்னொரு ஆபத்து எதிர்த் திசையில் வரும். கீழே இறங்கும் குழாயை நத்தையோ அனிமோனோ அடைத்துவிட்டால், பம்ப் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், தண்ணீர் திரும்பி வராது. அதற்குத்தான் இரண்டு குழாய் அமைப்பு. ஒன்று கேட் வால்வு வைத்து முழு சைஃபனாக ஓடும், சத்தமும் வராது. மற்றது சற்று உயரத்தில் காலியாக நிற்கும், அவசரத்துக்கு மட்டும். பால் வால்வில் நுணுக்கமாகத் திருப்ப முடியாது, கேட் வால்வே வாங்குங்கள். கூடவே, பம்ப் இருக்கும் அறையைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் 22 லிட்டர்தான் என்றால், இரண்டு குழாயும் அடைத்தாலும் மேல்தொட்டியில் 3 செ.மீ. ஏறியதும் பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும். விளிம்பில் 6 செ.மீ. காலி விட்டிருந்தால் வெளியே வழியாது.

ஆனால் அந்த நேரத்தில், ஆவியான நீரைத் தானாக ஈடுசெய்யும் ஆட்டோ டாப்–அப் கருவி சம்ப் காலியாகிவிட்டது என்று நினைத்து நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கும். அதன் வாளி 20 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. 20 லிட்டரும் உள்ளே போனால் 35 பி.பி.டி. உப்பு 33.6 ஆகும், பவளம் தாங்கும். 100 லிட்டர் டிரம் வைத்திருந்தால் 29-க்கு இறங்கிவிடும், தரையும் நனையும். நிரப்பும் வேலை மிச்சம் என்று பெரிய டிரம் வைக்காதீர்கள்.

மின்சுவிட்சுகளைச் சம்ப்புக்கு மேலே வைக்க வேண்டாம். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலே ஏறட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இந்தத் தொட்டிக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சு) கட்டாயம். உப்புநீரில் கைவிடும் வீட்டில் இதற்கு விலை பார்க்கக் கூடாது.

தூத்துக்குடி வாசகர்: கடல் பக்கத்திலேயே இருக்கிறது. கரை ஒதுங்கும் பவளக் கல்லையும் கடல்நீரையும் எடுத்துப் பயன்படுத்தலாமா?

கல்லைத் தொடாதீர்கள். பாறை கட்டும் கடினப் பவளங்கள், கருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி ஆகிய அனைத்தும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. உயிரோடு இருந்தாலும் செத்த எலும்புக்கூடாக இருந்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவையும் அதே சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகம் குறித்த பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்களும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. கடையில் 'இந்தோனேசியா பவளம்' என்று சொல்லித் தந்தாலும் தாள் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

உங்கள் ஊரிலிருந்து ராமேசுவரம் வரை 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அமைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்த காலத்தில் அந்தக் கடல் இழந்தது அதிகம். அந்தத் தீவுகளில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இன்று நீருக்கடியில். வீட்டு ஹாலில் ஓர் அழகுக்காக அங்கிருந்து ஒரு கல்லையும் எடுக்க நமக்கு உரிமை கிடையாது. செராமிக் பாறையும், அரகோனைட் தூளும் சிமென்டும் கலந்து வார்த்த செயற்கைப் பாறையும் இப்போது கிடைக்கின்றன. சிமென்ட் பாறை என்றால் பி.எச். இறங்கும் வரை பல வாரம் தண்ணீர் மாற்றி ஊறவைக்க வேண்டும். ஜோவாந்திட், மஷ்ரூம் போன்றவை மேற்சொன்ன பவளப் பதிவுகளில் வருவதில்லை. அவற்றையும் வீட்டில் வளர்த்தவர்களிடம் துண்டாக வாங்குவதே நல்லது. மீனிலும் அப்படித்தான். கிளவுன் மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையமே உருவாக்கியிருக்கிறது. பண்ணையில் பிறந்த கிளவுன் இருக்கும்போது கடலில் பிடித்தது எதற்கு?

கடல்நீர் எடுக்கலாம். துறைமுகம், ஆற்று முகத்துவாரம், உப்பளக் கழிவு வாய் ஆகியவற்றிலிருந்து விலகி, ஏற்றத்தின் உச்சத்தில் எடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பளவு குறைந்திருக்கும் என்பதால் அளக்காமல் ஊற்றாதீர்கள். மெல்லிய வடிபையில் வடித்து, மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு வாரம் வைத்து, அடியில் தங்கியதை விட்டு மேலே உள்ளதை எடுக்க வேண்டும்.

பெசன்ட் நகர் வாசகர்: இரண்டடித் தொட்டியை மின்விசிறி வைத்தே சமாளித்தேன். பெரிய தொட்டிக்குச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) அவசியமா? கரண்ட் போனால்?

விசிறி குளிரவைப்பது ஆவியாக்கித்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை எடுத்துச் செல்லும். கோவை போன்ற வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும். கடற்கரையில் காற்றிலேயே ஈரம் நிரம்பியிருப்பதால் இரண்டு டிகிரிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மே மாதம் அறை 34 டிகிரி, பம்ப்புகளின் சூடு வேறு. பவளத்துக்கு 25 முதல் 27 வேண்டும். 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். எனவே சில்லர் வேண்டும். 480 லிட்டருக்குக் கால் குதிரைத்திறன் விளிம்பில் நிற்கும், மூன்றில் ஒன்று நிம்மதி. சிறிய சில்லர் நாள் முழுவதும் ஓடிச் சீக்கிரம் தேயும். அதைத் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் வைத்தால் தான் விட்ட சூட்டைத் தானே உறிஞ்சும். மழைபடாத பால்கனியில் வைத்து, குழாய்க்கு ஸ்பாஞ்சு உறை போடுங்கள்.

சில்லர், விளக்கு, பம்ப் எல்லாம் சேர்த்தால் கோடையில் ஒரு நாளைக்கு ஏழு யூனிட் வரை போகும். இரண்டு மாத மீட்டர் கணக்கில் 400 யூனிட்டைத் தாண்டும். இதைத் தொட்டி வாங்கும் முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கரண்ட் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன், அதுவும் வெந்நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். இன்வெர்ட்டரில் ஒரே ஒரு டி.சி. வேவ்மேக்கர் மட்டும் போடுங்கள், மேற்பரப்பை நோக்கித் திருப்பி. அது 30 வாட். நல்ல நிலையில் உள்ள 150 ஆம்பியர்–மணி பேட்டரி, வீட்டு விளக்கு விசிறியின் சுமை இல்லாமல் அதை ஒரு நாள் முழுவதும் ஓட்டும். ரிட்டர்ன் பம்ப்பையும் சேர்த்தால் எட்டு மணி நேரம் என்று வையுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏ.சி. பம்ப் உறுமிச் சூடாகும். சைன் வேவ் வாங்குங்கள்.

சிங்கப்பூர் வாசகர்: 190 லிட்டர் தொட்டியிலிருந்து, சம்ப்போடு 480 லிட்டர் அமைப்புக்கு மாறி இரண்டு வாரம். அக்ரோபோரா பவளத்தின் நுனிகள் வெள்ளையாகின்றன. கால்சியமும் காரமும் சேர்க்கும் டோசிங் பம்ப்பை இரண்டரை மடங்கு கூட்டியிருக்கிறேன். நைட்ரேட் பூஜ்யம். விளக்கும் புதியது.

டோசிங்கில்தான் தவறு. தண்ணீர் இரண்டரை மடங்கானது, பவளம் ஆகவில்லை. கால்சியத்தையும் காரத்தையும் உண்பது பவளமே என்பதால், மில்லிலிட்டர் கணக்கு பழையதாகவே இருக்க வேண்டும். பழைய தொட்டியில் நாளொன்றுக்கு 1 டி.கே.எச். குறைந்திருந்தால், அதே பவளங்கள் 480 லிட்டரில் 0.4 தான் குறைக்கும். நீங்கள் தினமும் 1 ஊற்றுகிறீர்கள். மிச்சம் 0.6 சேர்ந்து, ஒரு வாரத்தில் 8-இலிருந்து 12-க்கு ஏறிவிடும். உணவுச்சத்து பூஜ்யமாக இருக்கும்போது காரம் ஏறினால் அக்ரோபோராவின் நுனி கருகும். வெள்ளை நுனி என்று நீங்கள் பார்ப்பது அதுவாகவே இருக்கும்.

டோசிங்கை இன்றே நிறுத்துங்கள். தினமும் ஒரே நேரத்தில் டி.கே.எச். அளந்து, அது தானாக 8-க்கு இறங்கிய பிறகு பழைய அளவிலிருந்து தொடங்குங்கள். இறக்குவதற்கென்று எதையும் ஊற்ற வேண்டாம். உப்பு வாளியின் மேல் என்ன டி.கே.எச். போட்டிருக்கிறது என்று பாருங்கள். 11, 12 வரும் உப்பு வகைகள் உண்டு. 8-க்கு அருகில் உள்ள உப்புக்கு மாறுங்கள். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை வரும்படி மீனுக்கு உணவைக் கூட்டுங்கள், ஸ்கிம்மரைச் சற்றுத் தளர்த்துங்கள்.

விளக்கை 40 சதவீதத்துக்கு இறக்கி, வாரத்துக்கு 10 சதவீதமாக ஏற்றுங்கள். பவளத்துக்குக் கிடைக்கும் ஒளியை அளக்கும் பார் மீட்டர் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். மேல் பாறையில் 250 முதல் 300 வரை போதும், மணல் மட்டத்தில் உள்ள யூஃபிலியா பவளத்துக்கு 100. கண்ணால் பார்த்து நீல எல்.இ.டி.யின் வலிமையை மதிப்பிட முடியாது.

திருச்சி வாசகர்: புதுத் தொட்டியில் மூன்றாவது வாரம் எல்லாம் பழுப்பு. என்ன மருந்து போடுவது?

எந்த மருந்தும் வேண்டாம். தூள்போலப் படிந்து, கையால் விசிறினால் கலைந்தால் அது டயட்டம் என்ற நுண்பாசி. சில வாரங்களில் தானே போகும். சளிபோல நூல் நூலாகத் தொங்கி, நுனியில் காற்றுக்குமிழ் சிக்கி, இரவில் குறைந்து மதியத்தில் மறுபடி வந்தால் அது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். அது பெரும்பாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமான தொட்டியில்தான் வருகிறது. அதைப் பார்த்துப் பயந்து தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் பெருகும். பாஸ்பேட் நீக்கியை எடுத்துவிட்டு, உணவைச் சற்றுக் கூட்டி, சளியை மெல்லிய குழாயால் தினமும் உறிஞ்சி வடிபை வழியாக விட்டு, தண்ணீரைத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றுங்கள்.

தாம்பரம் வாசகர்: நாலடித் தொட்டி வந்துவிட்டது. இனி ப்ளூ டாங் வாங்கலாமா?

வேண்டாம். கடையில் ஐந்து செ.மீ. இருக்கும் அந்த மீன் 30 செ.மீ. வரை வளரும், நாள் முழுவதும் நீந்தும் இனம். ஆறடிக்குக் குறைந்த தொட்டியில் அதை வைக்கக் கூடாது. பாசி மேயும் மீன்தான் தேவையென்றால் 18 செ.மீ.க்குள் நிற்கும் கோலே டாங் ஒன்று போதும். எது வாங்கினாலும் தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துக் கவனியுங்கள். வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து அந்தத் தனித் தொட்டியில் மட்டும்தான். அங்கே பயன்படுத்திய வலையும் குழாயும் பவளத் தொட்டிக்குள் வரக் கூடாது. நோய் பெரிய தொட்டிக்கே வந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, அதை 76 நாள் மீனில்லாமல் ஓடவிடுவது பலரும் பின்பற்றும் கணக்கு. அந்த நாள்களில் பவளத்துக்கும் பாக்டீரியாவுக்குமாக இரண்டு நாளுக்கொரு முறை சிறிது உறைந்த உணவு போட்டு வாருங்கள்.